மூடிய பெட்ரோல் பங்க்கின் அடியில் என்ன இருக்கிறது? நிலத்தடி நீர்க் கண்காணிப்பு, ஆரம்பத்திலிருந்து

ஊரில் ஒரு பெட்ரோல் பங்க்கை மூடுகிறார்கள். பம்புகளைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள், கூரையைப் பிரிக்கிறார்கள். தகர வேலிக்குள் எருக்கஞ்செடி முளைத்து இரண்டு மூன்று வருடம் கிடக்கிறது. பிறகு ஒருநாள் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரப் பலகை எழுகிறது. அப்போதுதான் பேச்சு தொடங்கும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தம் கிணற்றில் பெட்ரோல் வாடை அடிப்பதாகச் சொல்வார். இன்னொருவர், மூடிப் பத்து வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன வரப்போகிறது என்பார். மூன்றாமவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து, எல்லாம் அளவுக்குள் இருப்பதாகச் சொல்லும் தாளோடு வருவார்.

மூன்று பேரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வாடை, காலம், ஒற்றைப் பரிசோதனைத் தாள் மூன்றுமே இந்த விஷயத்தில் ஆளை ஏமாற்றக்கூடியவை. ஏன் என்று புரிய, தரைக்கு அடியில் நடப்பதை மனத்தில் ஒரு படமாகப் பார்க்க வேண்டும். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பில்டர் காபி போடத் தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

## நொடிக்கு ஒரு சொட்டு

பங்க்கில் நாம் பார்க்கும் பம்ப் வெறும் வாய்தான். எரிபொருள் எல்லாம் தரைக்கு அடியில் புதைத்த தொட்டிகளில் இருக்கிறது. அங்கிருந்து புதைகுழாய்கள் வழியாக மேலே வருகிறது. பழைய பங்க்குகளில் இவை பெரும்பாலும் ஒற்றைச் சுவர் கொண்ட எஃகுத் தொட்டிகள். ஈர மண்ணில் கிடக்கும் எஃகு துருப்பிடிக்கும். குழாய் இணைப்புகள் தளரும். டேங்கர் லாரி எண்ணெய் இறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும். நிலம் கெடுவதற்குப் பெரிய விபத்து எதுவும் நடக்கத் தேவையில்லை.

காலையில் பங்க் ஊழியர் ஒரு நீண்ட அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கி 'டிப்' பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் நுனியில் ஒரு பசையைத் தடவியிருப்பார். தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் பசையின் நிறம் மாறும். இருப்பையும் விற்பனையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை எளியது, நல்லது. ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர். ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் இடத்தில் அந்த 4 லிட்டர், ஆவியாவதாலும் வெப்பத்தில் பெட்ரோல் விரிந்து சுருங்குவதாலும் வருகிற அன்றாட வித்தியாசத்துக்குள் மறைந்துவிடும். ஆண்டுக்கு அது ஏறத்தாழ 1,500 லிட்டர். இருபது வருடம் ஓடிய பங்க் என்றால் 30,000 லிட்டர்.

அமெரிக்கா இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டது 1984இல். 1988இல் நிலத்தடித் தொட்டிகளுக்கு விரிவான விதிகள் வந்தன. பழைய தொட்டிகளை 1998 டிசம்பருக்குள் மேம்படுத்த வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். தொட்டிகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் கதை வெளியே வந்தது. இதுவரை அங்கே 5,60,000க்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இடங்களில் சுத்திகரிப்பு முடிந்திருக்கிறது. மிச்சமுள்ள பல்லாயிரம் இடங்களில் இன்னும் வேலை நடக்கிறது.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், புதிய பங்க்குகளைப் பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புகளிலிருந்து பொதுவாக 50 மீட்டர் தள்ளி அமைக்கச் சொல்கின்றன. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் அது இனி வரப்போகிற பங்க்குகளுக்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரே, கோயில் தெருமுனையில், நம் தாத்தா காலத்தில் வந்து இப்போது இல்லாமல் போன பங்க்குகளின் அடியில் என்ன கிடக்கிறது என்பது தனிக் கேள்வி.

## மண்ணும் ஒரு காபி பில்டர்தான்

பில்டரின் மேல் அடுக்கில் காபித்தூள். வெந்நீரை ஊற்றினால் கீழ் அடுக்கில் டிகாக்‌ஷன் இறங்குகிறது. இரண்டாம் முறை ஊற்றினாலும் இறங்கும், சற்று நீர்த்துப்போய். தூள் இடத்தை விட்டு நகரவில்லை. அதிலிருந்து கரைவது மட்டும் தண்ணீரோடு போகிறது.

கசிந்த பெட்ரோல் மண்துகள்களுக்கு இடையே கீழே இறங்கும்போது வழியெல்லாம் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிறது. எண்ணெய் துடைத்த துணியை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் பிசுக்கு போவதில்லை அல்லவா? அப்படி மண்ணின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு நிற்பதை எச்ச எண்ணெய் என்று அழைப்போம். நம் பில்டரில் இதுதான் காபித்தூள். மேலே பெய்யும் ஒவ்வொரு மழையும் இதன் வழியாக இறங்கி, கொஞ்சம் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனதால் தூள் போய்விடவில்லை. தொட்டியையே தோண்டி எடுத்தாலும், சுற்றியுள்ள மண்ணை எடுக்காதவரை தூள் அங்கேதான் இருக்கிறது. காபித்தூள் மூன்றாம் ஊற்றலில் சக்கையாகிவிடும். இது பல பத்தாண்டுகள் தாங்கும்.

நிறையக் கசிந்திருந்தால் எண்ணெய் நிலத்தடி நீர்மட்டம் வரை போய்விடும். மண்ணின் துளைகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கிற பகுதியின் மேல் எல்லையையே நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோதான்; தண்ணீரைவிட லேசு. ஆகவே ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோல் அது நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கிறது.

"எண்ணெய் மிதக்கத்தானே செய்கிறது, மேலாக வழித்து எடுத்துவிட்டால் போதும்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆனால் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. கோடையில் அது இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கி, புதிய மண்ணில் பூசிக்கொள்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறும்போது ஒரு பகுதி மேலே வருகிறது, ஒரு பகுதி நீருக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் கறை ஒரு பட்டையாகத் தெரியுமே, அப்படி மண்ணுக்குள் ஓர் எண்ணெய்ப் பட்டை உருவாகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர் பல மீட்டர் ஏறி இறங்கும் நம் ஊர்களில் இந்தப் பட்டை அகலமாகவே இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். எரிபொருள் மூன்று விதமாகத் தங்குகிறது: மண்ணில் ஒட்டிய எச்சமாக, நீரின் மேல் மிதக்கும் படலமாக, நீரில் கரைந்ததாக. முதல் இரண்டும் ஊற்றுக்கண். மூன்றாவதுதான் நம் கிணற்றுக்கு வந்து சேர்வது.

## மூக்கை ஏன் நம்பக் கூடாது

பெட்ரோல் ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றில் தண்ணீரில் ஓரளவு நன்றாகக் கரையும் நான்கைக் கண்காணிப்பாளர்கள் எப்போதும் தேடுவார்கள்: பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளையும் சேர்த்து பி-டெக்ஸ் என்பது துறையில் வழங்கும் பெயர். இவற்றில் மிக முக்கியமானது பென்சீன். அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டது.

குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்க வரம்பு 5. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். இப்படிச் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று சொட்டுக்கும் குறைவான பென்சீன் கலந்தாலே 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். இந்தியாவில் இப்போது பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன், அதுபோன்ற 70க்கும் மேற்பட்ட லாரித் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும்.

இப்போது மூக்குக்கு வருவோம். தண்ணீரில் பென்சீன் வாடை தெரிய வேண்டுமானால் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதாவது வழிகாட்டு அளவைப்போல ஆயிரம் மடங்கு. "வாடை ஒன்றும் இல்லை, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வாக்கியத்தை நான் அஞ்சுவது இதனால்தான். பெட்ரோலின் மற்ற சேர்மங்களால் வாடை முன்பே தெரியக்கூடும். ஆனால் வாடை இல்லாததால் பென்சீன் இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் நன்றாக எரிவதற்காக எம்.டி.பி.இ. என்ற பொருளை ஒரு காலத்தில் அமெரிக்காவில் தாராளமாகக் கலந்தார்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் அளவிலேயே கூர்மையான மூக்கு உள்ளவர்களுக்கு அது தெரிந்துவிடும். டர்பன்டைன் போல் ஒரு வாடை. அது தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் அதைச் சுலபத்தில் தின்பதில்லை. அதனால் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடும். கலிபோர்னியாவில் கடலோரமாக இருக்கும் சான்டா மோனிகா நகரம் 1995இல் தன் சார்னக் கிணற்று வயலில் இதைக் கண்டது. நகரத்தின் குடிநீரில் பாதியளவைத் தந்துகொண்டிருந்த கிணறுகளை 1996இல் மூட வேண்டியதாயிற்று. சுற்றுப்புறத்துப் பெட்ரோல் நிலையங்களின் தொட்டிகளும் எண்ணெய்க் குழாய்களும்தான் ஊற்றுக்கண். வெளியிலிருந்து தண்ணீரை விலைகொடுத்து வாங்கி நகரம் சமாளித்தது. கரித்தூள் வடிகட்டிகள் கொண்ட நிலையம் கட்டி அந்தக் கிணறுகளை மீண்டும் குடிநீருக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 வருடம் பிடித்தது. கலிபோர்னியா 2004 முதல் பெட்ரோலில் எம்.டி.பி.இ. கலப்பதைத் தடை செய்துவிட்டது.

## ஊதுபத்திப் புகையின் பாதை

நிலத்தடி நீர் என்றவுடன் பலர் ஓர் ஏரியைக் கற்பனை செய்கிறார்கள். மாசு அதில் மைத்துளிபோல் நாலா பக்கமும் பரவும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு சரிவில் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் நீர். நீரைத் தாங்கி, நகர விடும் அந்த மண் அல்லது பாறை அடுக்கை நீர்த்தாங்கி என்பார்கள்.

பூஜை அறையில் ஊதுபத்தி எரிகிறது, சன்னலில் லேசான காற்று. புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீண்டு, விரிந்து, தொலைவில் கலைந்துபோகிறது. பத்தி ஊற்றுக்கண், காற்று நிலத்தடி ஓட்டம், புகை கரைந்த மாசு. இப்படி ஓட்டத்தோடு நீளும் மாசுப் பகுதியை மாசுத்தாரை என்று சொல்வோம். அதற்கு ஒரு திசை உண்டு. பங்க்குக்குப் பத்து மீட்டரில், ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்கும். எழுபது மீட்டரில், ஓட்டத்தின் வழியில் இருப்பது கெட்டுப்போகும். "பக்கத்து வீட்டிலேயே ஒன்றும் இல்லை, உங்களுக்கு எப்படி வரும்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

வேகம் எவ்வளவு? மணற்பாங்கான இடத்தில் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்பது சாதாரணம். 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 18 மீட்டர், பத்தாண்டில் 180 மீட்டர். பென்சீன் மண்ணில் சற்று ஒட்டி ஒட்டிப் போவதால் நீரைவிடக் கொஞ்சம் பின்தங்கும். பங்க் மூடிப் பத்து வருடம் ஆகிவிட்டதே என்ற நண்பர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சில கிணறுகளுக்குப் பத்து வருடம் என்பது மாசு வந்து சேர்வதற்கு எடுத்துக்கொண்ட காலம்.

ஆனால் பயந்தவர்கள் நினைப்பதுபோல் அது ஊர் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதுமில்லை. 1995இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான பென்சீன் தாரைகள் 80 மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டிருந்தன. ஏன் நின்றன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த ஒழுங்கான படம் மணல் அடுக்குகளுக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை; நீர் விரிசல்கள் வழியாக ஓடுகிறது. விரிசல் எந்தப் பக்கமோ மாசும் அந்தப் பக்கம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல். அதற்குள் நீர் அரித்த பொந்துகளும் வழிகளும் உண்டு. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றி வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திருக்க மாட்டோம். அங்கே காரணம் பங்க் அல்ல, அனல் மின்நிலையம். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் வந்ததற்குக் காரணம் நிலத்தடி எண்ணெய்க் குழாய். ஊற்றுக்கண் எதுவானாலும் எரிபொருள் மண்ணுக்குள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். கண்காணிக்கும் முறையும் அப்படியே.

சுருக்கமாக: மாசுக்குத் திசை உண்டு, வேகம் உண்டு, முடிவெல்லையும் உண்டு. இந்த மூன்றையும் கண்டறிவதே கண்காணிப்பின் வேலை.

## கண்காணிப்புக் கிணறு, வீட்டுக் கிணறு

வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றை நிறைய தண்ணீர் வர வேண்டும் என்பதற்காகப் போடுகிறோம். மேலே சில மீட்டருக்கு மட்டும் கேசிங் குழாய். அதற்குக் கீழே நூறு மீட்டரானாலும் திறந்த துளைதான். எங்கெங்கு ஊற்று இருக்கிறதோ எல்லாம் வந்து சேரட்டும் என்று விடுகிறோம். மேலடுக்கில் இருக்கும் மாசு நீரும் ஆழத்திலிருந்து வரும் நல்ல நீரும் ஒன்றாகக் கலக்கின்றன. பத்து வீட்டுக் குழம்பை ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டு, எந்த வீட்டில் உப்பு அதிகம் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

கண்காணிப்புக் கிணறு வேறு மாதிரி. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய்தான். அதன் ஒரு பகுதியில் மட்டும் மயிரிழை போன்ற கீறல்கள் இருக்கும். அந்தப் பகுதி நீர்மட்டத்துக்குச் சற்று மேலும் சற்றுக் கீழுமாக வரும்படி நிறுத்துவார்கள். மிதக்கும் எண்ணெய் இருந்தால் உள்ளே வர வேண்டுமே. கீறல்களைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேலே ஈரம் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண், அதற்கு மேலே சிமென்ட், கடைசியில் பூட்டு. மேலிருந்து மழைநீரோ தெருச் சாக்கடையோ குழாயை ஒட்டி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும். தெருவோரத்தில் சின்ன இரும்பு மூடி ஒன்றைத் தாண்டி நடந்திருப்போம். அதற்குக் கீழே இத்தனை கவனம் இருக்கலாம்.

குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். ஒரு பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, அதன் மேல் மூன்று இடங்களின் உயரம் தெரிந்தாக வேண்டும். நீர்மட்டத்தின் சரிவும் அப்படியே. மூன்று குழாய்களின் விளிம்பையும் சர்வே செய்து, ஒரே நாளில் மூன்றிலும் நீரின் ஆழத்தை அளந்தால் ஓட்டத்தின் திசை கிடைக்கும். தரை சாயும் பக்கம்தான் நிலத்தடி நீரும் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்தாலே ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கிணறுகளில் ஒன்று, நீர் பங்க்கை நோக்கி வரும் பக்கத்தில் இருப்பது அவசியம். உள்ளே வரும் நீர் ஏற்கெனவே கெட்டிருந்ததா என்று அதுதான் சொல்லும்.

## ஒரு மாதிரி எடுக்கும் காலை

இந்த வேலையை நேர்த்தியாகச் செய்பவர் அன்று காலை தம் வண்டிக்குப் பெட்ரோல் போடமாட்டார். முந்தின நாளே போட்டிருப்பார். கையில் ஒட்டிய துளி ஆவிகூட முடிவைக் கெடுத்துவிடும்.

சுத்தமாக இருக்கும் என்று தெரிந்த கிணற்றில் தொடங்கி, மோசமானதில் முடிப்பார். மூடியைத் திறந்ததும் உடனே அளக்கமாட்டார். நீர்மட்டம் நிலைக்கச் சில நிமிடம் விடுவார். பிறகு அளவுநாடாவின் நுனியில் உள்ள உணரியை மெதுவாக இறக்குவார். அது எண்ணெயைத் தொட்டால் தொடர்ந்து ஒலிக்கும். தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டு ஒலிக்கும். இரண்டு ஒலிக்கும் இடைப்பட்ட ஆழம்தான் மிதக்கும் படலத்தின் தடிமன். அடுத்து ஒரு சிறு பம்ப். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல், நீரைக் கலக்காமல் எடுப்பார். குழாயிலேயே தேங்கிக் கிடந்த நீரை நீர்த்தாங்கியின் நீர் என்று சொல்ல முடியாதல்லவா? வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் இவை மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே மாதிரி.

மாதிரிக் குப்பி 40 மில்லிதான். விரல் நீளக் கண்ணாடி. நுண்ணுயிர்கள் வழியிலேயே பென்சீனைத் தின்றுவிடாதபடி உள்ளே சில சொட்டு அமிலம். நீர் விளிம்புக்கு மேலே குமிழாகத் திரண்டு நிற்கும்வரை நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து விரலால் சுண்டுவார். உள்ளே கடுகளவு காற்றுக்குமிழ் எழும்பி வந்தால் அந்தக் குப்பியைக் கழித்துவிட்டு வேறொன்று. பென்சீன் நீரைவிட்டு அந்தக் குமிழுக்குள் போய்விடும். ஆய்வகம் மீதியைத்தான் அளக்கும். பிறகு ஐஸ் பெட்டி. 14 நாளுக்குள் பரிசோதனை. கூடவே ஆய்வகத்திலிருந்தே தூய நீர் நிரப்பிய ஒரு குப்பி, திறக்கப்படாமல் களத்துக்கு வந்து திரும்பிப் போகும். அதில் பென்சீன் தெரிந்தால், வழியில் ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மூன்றாமவரின் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். குளிர்பானப் பாட்டில், பாதி காற்று, வெயிலில் ஸ்கூட்டரில் பயணம். உண்மையில் அந்தத் தாளில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை பார்ப்பது பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, கோலிபார்ம் போன்றவற்றை. பெட்ரோல் சேர்மங்கள் அந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பதில்லை. எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்றது உண்மைதான். பென்சீனை யாரும் தேடவே இல்லை.

## எண்களைத் தனியாகப் படிக்காதீர்கள்

ஒரு கிணற்றில் பென்சீன் மார்ச்சில் 400, ஜூனில் 650, அக்டோபரில் 300, டிசம்பரில் 90 மைக்ரோகிராம் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். டிசம்பர் தாளை மட்டும் பார்ப்பவர் பெரும் முன்னேற்றம் என்பார். அடுத்த மார்ச்சில் 410 வரும். நடுவில் பெய்த மழை நீர்க்கச் செய்தது, அவ்வளவே. அதனால்தான் முதலில் குறைந்தது ஓராண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பருவத்தின் ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு மார்ச்சை மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும்.

மிதக்கும் படலமும் இப்படியே. நீர்மட்டம் ஏறினால் கிணற்றில் படலம் காணாமல் போகும். எண்ணெய் போய்விடவில்லை, நீருக்குள் சிக்கியிருக்கிறது. சுத்திகரிப்புப் பம்ப் ஓடும்வரை எண்கள் குறைந்து, நிறுத்திய சில மாதங்களில் மீண்டும் ஏறுவதும் உண்டு. எச்ச எண்ணெய் மெல்லக் கரைந்து வருவதால் நடப்பது அது. வேலை முடிந்துவிட்டது என்று அறிவிப்பதற்கு முன் பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது.

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லில் ஒரு கண் வையுங்கள். ஆய்வகத்தின் கருவி 50 மைக்ரோகிராமுக்குக் கீழே எதையும் காண முடியாததாக இருந்தால், 10க்குக் கீழே இருக்கிறதா என்ற நம் கேள்விக்கு அந்தச் சொல் பதிலே ஆகாது.

## தாரைகள் ஏன் நின்றன

1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. எடுத்தது போக மண்ணில் தங்கிய எண்ணெயை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் ஆராய்ந்து வருகிறது. நிலத்தடி நீரில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்கள் பென்சீன் போன்றவற்றைத் தின்கின்றன, தாரை ஓரளவுக்கு மேல் நீளாமல் அவை தடுக்கின்றன என்பதற்கான வலுவான சான்றுகள் அங்கே கிடைத்தன.

தின்பதற்கு அவை சுவாசிக்க வேண்டும். முதலில் நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்கிறது. பிறகு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்துகின்றன. கடைசியில் மீத்தேன் வாயு உண்டாகிறது. ஆகவே நல்ல கண்காணிப்பில் பென்சீனோடு இவற்றையும் அளப்பார்கள். பென்சீன் குறைந்து, ஆக்சிஜனும் சல்பேட்டும் குறைந்து, கரைந்த இரும்பு கூடியிருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று சொல்லலாம். இப்படி அளந்து உறுதிசெய்துகொண்டே இயற்கையிடம் விடுவது ஏற்கத்தக்க ஒரு முறை. எதையும் அளக்காமல் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பது அந்த முறை ஆகாது.

நம் காலத்துக்கு ஒரு புதிய சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. நுண்ணுயிர்களுக்கு எத்தனால் அல்வா மாதிரி. பென்சீனை விட்டுவிட்டு முதலில் அதைத் தின்று, இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் அதுவரை காத்திருப்பதில்லை, நீரோடு போய்க்கொண்டே இருக்கும், தாரை நீளும். பழைய பெட்ரோல் கசிவுகளில் கண்ட 80 மீட்டரை வைத்துக்கொண்டு இனிவரும் கசிவுகளுக்கு நிம்மதி கொள்ள முடியாது.

## நீங்கள் பக்கத்தில் வசித்தால்

வாடை வந்தால் அந்த நீரைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும். அது நீரைவிட்டு உங்கள் சமையலறைக் காற்றுக்கு வரும். ஆர்.ஓ. சவ்வை உப்பை நீக்குவதற்காகச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய சேர்மங்களை அது நம்பகமாகத் தடுக்காது. மூடிய குளியலறையில் அந்த நீரை வெந்நீராக்கிக் குளிப்பதையும் தவிர்ப்பது நல்லது. கிணற்றின் அருகில் நெருப்பு கூடாது.

பிறகு எழுத்தில் புகார் செய்யுங்கள். பங்க் இருந்த இடம், அது ஓடிய காலம், எந்த மாதங்களில் வாடை அதிகம் என்பதையெல்லாம் குறிப்பிடுங்கள். காலம் எதற்கு என்றால், இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டது. ஈயத்தோடு சேர்த்துக் கலந்த சில சேர்மங்கள் நீரில் தென்பட்டால், கசிவு அதற்கு முந்தியது என்று ஊகிக்க அது ஒரு தடயம்.

யாராவது பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்தால், பென்சீன் என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், ஆய்வகம் காணக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன, மாதிரி எடுத்த தேதி என்ன, அன்று நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தது, கிணற்றுக் குழாயில் கீறல்கள் எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்று பாருங்கள். இவை தாளில் இல்லையென்றால் மாதிரி எடுத்தவரிடமே கேளுங்கள். வேலையை ஒழுங்காகச் செய்தவராக இருந்தால், அவருடைய களக் குறிப்பேட்டில் அன்றைய நேரம் உட்பட எல்லாம் எழுதியிருக்கும்.